பேரிக்காய் வேகும் நேரம்

ஆகஸ்ட் 2, சனி

கொடைக்கானலுக்குத் திரும்பிவிட்டோம். மே மாதம் ஆபரேஷன் முடிந்ததிலிருந்து மதுரையில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தோம். இனி மாதம் ஒருமுறை போய்க் காட்டினால் போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பெருமாள்மலை தாண்டியதும் மேகம் வந்து கார்க் கண்ணாடியை மூடியது. என் வீட்டுக்காரர் ததேயு வண்டியை ஓரம் கட்டி, "எறங்கிப் பாக்குறியா ஜெசி?" என்றார். முகக்கவசத்தோடு இறங்கி நின்றேன். கண்ணெல்லாம் ஈரமாகிவிட்டது. பனிதான் என்று அவரிடம் சொன்னேன்.

எடை, காய்ச்சல், குடித்த தண்ணீர், போன சிறுநீர் எல்லாவற்றையும் தினமும் குறிக்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன நோட்டு கொடுத்திருக்கிறார்கள். எண்களெல்லாம் அதில். எண்ணில் அடங்காததை எழுத இது.

முதலில் தண்ணீரைப் பற்றி எழுத வேண்டும். டயாலிசிஸில் இருந்த இரண்டு வருஷமும் தண்ணீரை மருந்துபோல அளந்து குடித்தேன். வாய் கொப்பளிக்கும்போது ஒரு மடக்கு உள்ளே போய்விட்டால் அன்றைக்கு ராஜபோகம். இப்போது குடிக்காவிட்டால் திட்டுகிறார்கள். இன்று வழியெல்லாம் குடித்துக்கொண்டே வந்தேன். அடிக்கடி காரை நிறுத்தச் சொன்னேன். ததேயு ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை. கடைசி முறை சிரித்தேவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. கழிவறையில் உட்கார்ந்து ஆண்டவருக்கு நன்றி சொல்கிறவள் இந்த மலையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பின் சீட்டில் மதினி வந்தார். ததேயுவின் அக்கா, அமலோற்பவம் டீச்சர். என் அடிவயிற்றில் வலது பக்கம் இப்போது வேலை செய்துகொண்டிருக்கும் சிறுநீரகம் அவருடையது. ததேயுவின் ரத்தம் எனக்குச் சேரவில்லை. என் அண்ணன் தருவதாகச் சொல்லிக் கடைசியில் பின்வாங்கிவிட்டான். யாரும் கேட்காமல் மதினி வந்து நின்றார். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் பேசிய பேச்சையெல்லாம் சேர்த்தாலும் ஒரு மத்தியானத்துக்குக் காணாது. அம்மா இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர். அந்தத் தம்பி தானாகப் பெண் பார்த்துக்கொண்டதில் அவருக்கு வருத்தம் இருந்தது என்று நினைக்கிறேன்.

அவர் வீடு வத்தலக்குண்டில், நாங்கள் வரும் வழியில்தான். ஊருக்குள் நுழைந்ததும், "என்னைய இங்கேயே எறக்கி விட்டுரு தம்பி" என்றார். "பத்து நாள் இருந்துட்டுப் போக்கா. இவளப் பாத்துக்க ஆள் வேணும்ல" என்றார் ததேயு. மதினி சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

நல்ல மனசு மதினிக்கு.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பின்பக்கத்துப் பேரிமரம் காய்த்துத் தள்ளியிருக்கிறது. காற்று அடிக்கிறபோதெல்லாம் குளியலறைத் தகரத்தின் மேல் டொம், டொம் என்று விழுகிறது. கல்மாதிரி இருக்கும் நாட்டுக் காய். சின்ன வயதிலிருந்து உப்பும் மிளகாய்ப் பொடியும் தொட்டுக் கடித்துப் பழகிய பல் இது. ஆனால் ஆறு மாதத்துக்கு வேகாத எதையும் வாயில் வைக்கக் கூடாது. கிருமி வந்தால் எதிர்க்க என் உடம்பில் தெம்பில்லை. புதுச் சிறுநீரகத்தை உடம்பு விரட்டிவிடாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரை அந்தத் தெம்பையும் சேர்த்து அடக்கிவைத்திருக்கிறது.

நான் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்ததை ததேயு கவனித்திருக்கிறார். நாலைந்து காயைப் பறித்துக் குக்கரில் போட்டு விசில் விட்டுக் கொண்டுவந்தார். கஞ்சிபோல் இருந்தது. ஒரு வாய்க்கு மேல் முடியவில்லை. நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்.

மதினி பூசைக்குப் போய்விட்டு வந்தார். அவருக்குக் கணீர் என்ற குரல். வத்தலக்குண்டுக் கோயிலில் பாடகர் குழுவே அவரை நம்பித்தான். "இங்க பாடினீங்களா மதினி?" என்று கேட்டேன். "மூச்சு பிடிக்கல" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். மலைக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லைபோல.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

குளிர் காய்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தபோது ஒன்று நினைவுக்கு வந்தது. உடம்பு கெடும் முன் நான் ஏரிக்கரைப் பக்கம் ஒரு ஓட்டலில் பில் போடும் வேலையில் இருந்தேன். சீசனில் வெளிநாட்டுக்காரர்கள் 'பேர் கிரம்பிள்' என்று ஒன்று கேட்பார்கள். எத்தனையோ பில்லில் அந்தப் பெயரை அடித்திருக்கிறேன். ஒருநாளும் சாப்பிட்டதில்லை. பேரிக்காயை நறுக்கித் தட்டில் பரப்பி, மேலே மாவை உதிர்த்துத் தூவி அடுப்பில் சுட்டது என்பது மட்டும் தெரியும். அதாவது நன்றாக வெந்தது. அதாவது நான் சாப்பிடலாம்.

பரண்மேல் இருந்த ஓவனை இறக்கித் துடைத்தார் ததேயு. கிறிஸ்துமஸ் கேக்குக்கு வாங்கியது. டயாலிசிஸ் தொடங்கியதிலிருந்து தொடவில்லை. போனில் ஒரு வீடியோ பார்த்துச் செய்தேன். காய் பாதி வேகும்போது கரண்ட் போய்விட்டது. திரும்பி வந்து மீண்டும் சூடாகி, கடைசியில் எடுத்துப் பார்த்தால் மேலே பச்சை மாவு, கீழே கல். ததேயு ஒரு துண்டை எடுத்துக் கடித்து, "பல்லுக்கு நல்லது" என்றார்.

மதினி பாத்திரத்தைச் சுரண்டிக் கழுவினார். நான் கழுவ வந்தபோது, "நீ ஈரத்துல நிக்காத" என்று தள்ளிவிட்டார். தண்ணீர் வாளியை நகர்த்தும்போது இடது விலாவை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். "நான் தூக்குறேன்" என்றேன். "வாளியத் தூக்கவா உனக்கு வேற கிட்னி வச்சிருக்கு?" என்றார்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

இரண்டாம் முறை. காயைத் தோல் சீவி, விதைப் பகுதியை எடுத்துவிட்டு, மெல்லிசாக நறுக்கி முதலில் கொஞ்சம் வேகவைத்துக்கொண்டேன். காய் சரியாக வந்தது. ஆனால் வெண்ணெயை உருக்கி ஊற்றிவிட்டதால் மாவு ஒன்றாகச் சேர்ந்து அப்பளம்போல் ஒரே தகடாகிவிட்டது. தட்டினால் சத்தம் வந்தது.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். இப்படிக் கெடுத்துவைத்து நாளைக்கு மறுபடி செய்யலாம் என்று நினைப்பதே எவ்வளவு பெரிய பாக்கியம். போன வருஷம் இதே நாளில் அடுத்த வாரத்தைப் பற்றிக்கூட நான் யோசித்ததில்லை.

பங்குச் சாமியார் வந்திருந்தார். பக்கத்து வீட்டு ரோசலின் அக்காவும் அவர் மருமகளும் வந்தார்கள். "ஜெசி முகத்துல களை வந்துருச்சு" என்றார்கள். மதினி எல்லாருக்கும் காபி போட்டார். அவர்கள் போன பிறகு நான் அடுப்படிக்குப் போய், "மதினி, நீங்க எனக்குச் செஞ்சதுக்கு நான் எப்படித்தான்..." என்று ஆரம்பித்தேன். "காபி ஆறுது, குடி" என்றார்.

எப்போது ஆரம்பித்தாலும் இப்படித்தான். வாயால் சொல்ல விடமாட்டேன் என்கிறார். கையால் செய்து கொடுத்துவிட வேண்டியதுதான். கிரம்பிள் சரியாக வந்ததும் முதல் தட்டு மதினிக்கு.

ஆகஸ்ட் 11, திங்கள்

மழை. மதினி பகல் முழுக்கத் தூங்கினார். நான் தண்ணீர் குடித்தேன், நடந்தேன், தண்ணீர் குடித்தேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

வந்துவிட்டது!

வெண்ணெய் குளிர்ச்சியாகக் கட்டியாக இருக்க வேண்டும். அதை மாவில் போட்டு விரல் நுனியால் மட்டும் உதிர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எதுவரை என்றால், புட்டு மாவுப் பதம் வரும்வரை. கையில் பிடித்தால் பிடிபட வேண்டும், விட்டால் உதிர வேண்டும். இந்த ஒரு விஷயத்தை அந்த வீடியோக்காரி சொல்லவே இல்லை. சர்க்கரை கொஞ்சம்தான். மாத்திரையால் எனக்குச் சர்க்கரை ஏறும் என்று பயம். எலுமிச்சம்பழச் சாறும் பட்டைப் பொடியும் அந்தக் குறையை ஈடுகட்டின.

மேலே பொன்னிறமாக மொறுமொறுப்பு. ஓரத்தில் காயின் சாறு கொதித்து மேலே வந்திருந்தது. கரண்டியை உள்ளே விட்டால் ஆவி வந்தது. பேரிக்காய் பேரிக்காயாகவே இருந்தது, மெத்தென்று. எத்தனை நாளுக்குப் பிறகு நான் ஒரு பழத்தைச் சாப்பிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டேன்.

மதினி தலைவலி என்று படுத்திருந்தார். எழுப்பவில்லை. நாளைக்குச் சலேத் மாதா திருவிழா. பெரிய தட்டில் செய்து, திருவிழாவன்று சூடாகக் கொடுக்கலாம்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கூட்டத்துக்குள் போகக் கூடாது என்பதால் நான் வாசலிலிருந்தே தூரத்துத் தேரின் வெளிச்சத்தைப் பார்த்தேன். பூசை முடிந்ததும் எல்லாரும் நம் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். ததேயுவோடு வண்டி ஓட்டும் நண்பர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள், ரோசலின் அக்கா. கதவு ஜன்னலையெல்லாம் திறந்துவைத்து நான் முகக்கவசத்தோடு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தேன். கல்யாணப் பெண்போல் சுற்றி நின்று பேசினார்கள். "பொழச்சு வந்துட்டியே ஜெசி! வந்ததுமில்லாம பலகாரமும் செஞ்சு வச்சிருக்கியே!" ரோசலின் அக்கா அழுதுவிட்டார். கிரம்பிளை ததேயுதான் ஆளுக்கொரு கிண்ணமாக எடுத்துக் கொடுத்தார். தட்டைத் துடைத்து வைத்துவிட்டார்கள். செய்முறை கேட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இவ்வளவு பேர் எனக்காக வேண்டியிருக்கிறார்கள். இதற்கெல்லாம் நான் என்ன செய்தேன்?

மதினி உள்ளே காபி போட்டுக்கொண்டிருந்தார். எல்லாரும் போன பிறகுதான் தோன்றியது, அவருக்குக் கிரம்பிள் கிடைத்ததா என்று. கேட்டேன். "எனக்கு இனிப்பு ஆகாது" என்றார்.

ஆகஸ்ட் 16, சனி

மதினி ஊருக்குக் கிளம்பிவிட்டார். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் சேர வேண்டுமாம், லீவு முடிந்துவிட்டதாம். நேற்றுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ததேயு காரில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். "சவாரி கெடக்குதுல்ல, அதைப் பாரு. பஸ்ஸு இருக்கு" என்று பையை எடுத்துக்கொண்டார்.

வாசல்வரை போனேன். ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. "மாத்திரைய மறக்காத" என்று அவர் சொன்னார். "சரி மதினி" என்றேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

ரத்தப் பரிசோதனை. கிரியாட்டினின், அதாவது சிறுநீரகம் சுணங்கினால் ஏறும் எண், கொஞ்சம் கூடியிருக்கிறது. பரவாயில்லை, தண்ணீர் குறைவாகக் குடித்திருப்பேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

நிறையத் தண்ணீர் குடித்தேன். இரண்டு தட்டு கிரம்பிள் செய்தேன். "யாருக்கு இவ்வளவு?" என்று ததேயு கேட்டார். காய் வீணாகிறது என்றேன். சாயந்திரம் இன்னொரு தட்டு செய்தேன். கையில் மாவு இருந்தால் போனை எடுக்க வேண்டியதில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

மறுபடி எடுத்த ரத்தத்தில் இன்னும் கூடியிருக்கிறது. மதுரைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். படுக்கையில் சேர்க்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். ததேயு போனை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் துணி மடித்தார்.

"அக்காகிட்டச் சொல்லாதீங்க" என்றேன்.

"ஏன்?"

"பள்ளிக்கூடத்துல சேந்து ரெண்டு நாள்தான ஆச்சு. எதுக்குத் தொந்தரவு."

அவர் ஒத்துக்கொண்டார். வத்தலக்குண்டு வழியாகப் போகும்போது நான் கண்ணை மூடித் தூங்குவதுபோல் இருந்தேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

ஆஸ்பத்திரி. எழுத ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 23, சனி

சிறுநீரகத்திலிருந்து ஊசியால் கொஞ்சம் சதை எடுத்தார்கள். உடம்பு அதை ஏற்கவில்லையா என்று பார்க்கவாம். எடுத்த இடத்தில் மணல்பை வைத்து, அசையக் கூடாது என்று மல்லாக்கப் படுக்கவைத்தார்கள். சிஸ்டர் போன பிறகு கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். "இரு" என்று அதனிடம் சொன்னேன். "போயிராத. இரு."

மதினியிடம் ஒருமுறைகூட அப்படிச் சொல்லவில்லை. பையை எடுத்துக்கொண்டு நின்றபோதுகூட.

ஆகஸ்ட் 25, திங்கள்

ஒன்றும் ஆகவில்லை! உடம்பு அதை ஒதுக்கவில்லை. மாத்திரையின் அளவு ரத்தத்தில் கூடிப்போனதுதான் காரணமாம். குறைத்துவிட்டார்கள். எண் இறங்க ஆரம்பித்துவிட்டது.

ததேயு வெளியே போய்ச் சுவரைப் பார்த்து நின்றார். தோள் குலுங்கியது. நான் கூப்பிடவில்லை. ஒரு பெரிய டம்ளர் தண்ணீரை மெதுவாக, ஒவ்வொரு மடக்காகக் குடித்தேன். ஆண்டவரே, நன்றி. சிஸ்டர், நன்றி. மணல்பையே, உனக்கும் நன்றி.

ஆகஸ்ட் 27, புதன்

இன்று நடந்ததை ஒன்றுவிடாமல் எழுத வேண்டும்.

காலையிலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கார் டிக்கியில் ஒரு பை பேரிக்காய் கிடந்தது. டாக்டருக்குக் கொடுக்கலாம் என்று ததேயு மலையிலிருந்து போட்டுக்கொண்டு வந்து, வந்த கலவரத்தில் மறந்துபோனது. வத்தலக்குண்டு வந்ததும், "அக்கா பள்ளிக்கூடத்துல இருக்கும். பக்கத்து வீட்டுல குடுத்துட்டுப் போயிருவோம்" என்றார்.

ஆனால் மதினி வீட்டுக் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. ரொம்ப நேரம் தட்டினோம். திறந்தவரைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எந்நேரமும் கஞ்சி போட்ட சேலையும் இறுக்கிய கொண்டையுமாக இருக்கும் டீச்சர், கசங்கிய நைட்டியில், சீவாத தலையோடு, வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்.

"என்ன, திடீர்னு?"

"பள்ளிக்கூடம் போகலையாக்கா?"

"தலவலி. இன்னிக்கி மட்டும்தான் போகல."

உள்ளே போனோம். திரையெல்லாம் மூடியிருந்தது. அடுப்பு மேடையில் தூசி. ஒரு ரஸ்க் பாக்கெட் பிரித்துக் கிடந்தது. சுவரில் தேதி கிழிக்கும் காலண்டரில் பதினேழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை சிவப்பு எழுத்தில் நின்றுகொண்டிருந்தது.

ததேயுவைத் தனியாகக் கூப்பிட்டு, "வெண்ணெயும் மாவும் வாங்கிட்டு வாங்க. அவசரமில்லாம வாங்க. எல்லாத்தையும் குடுத்துட்டுக் கார்லயே தூங்குங்க" என்றேன். அவரும் காலண்டரைப் பார்த்திருந்தார். தலையாட்டிவிட்டுப் போனார்.

"எதுக்கு வெண்ணெய்?" என்றார் மதினி.

"பேரிக்காய் சுடப்போறேன். ஓவன் இல்லாம எப்படிச் சுடுறது?"

"குண்டான்ல உப்பப் பரப்பி மூடி வச்சாச் சரியாப் போகும். கேக்கு அப்படித்தான் போடுவேன்." சொல்லிக்கொண்டே என் கையைப் பார்த்துவிட்டார். ஊசி குத்திய இடத்தில் பிளாஸ்திரி. "இது என்ன?"

சொல்லத்தான் வேண்டியிருந்தது. எண் கூடியது, மதுரைக்குப் போனது, சதை எடுத்தது, எல்லாவற்றையும். நான் முடிக்கும் முன் மதினி சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நல்லாத்தான் இருக்கு மதினி. ஒண்ணும் ஆகல. சத்தியமா."

"எங்கிட்ட யாரும் சொல்லல."

"பயமா இருந்துச்சு. நீங்க குடுத்தத நான் கெடுத்துட்டேனோன்னு."

அவர் எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்து, கத்தியை எடுத்துக் காயைத் தோல் சீவ ஆரம்பித்தார். நானும் உட்கார்ந்து நறுக்கினேன். ததேயு சாமானைக் கொடுத்துவிட்டுப் போனார். நான் மாவை உதிர்த்தேன். மதினி குண்டானைச் சூடாக்கினார். தட்டை உள்ளே இறக்கி மூடிவிட்டு இரண்டு பேரும் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தோம். ஓவனில் என்றால் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். இதில் ஒன்றும் தெரியாது. திறந்தால் சூடு போய்விடும். காத்திருக்க வேண்டியதுதான்.

"மதினி, உங்களுக்கு உடம்பு எப்படி இருக்கு?"

"எனக்கென்ன?"

"கேக்குறேன்ல."

"நல்லாத்தான் இருக்கேன்."

"காலண்டர் பதினேழுல நிக்குது மதினி."

அவர் திரும்பிச் சுவரைப் பார்த்தார்.

"எந்திரிக்க முடியல ஜெசி" என்றார். "வலியின்னா மாத்திரையப் போட்டுட்டுப் போயிருவேன். வலி இல்ல. காலையில முழிப்பு வந்தா, எதுக்கு எந்திரிக்கணும்னு இருக்கு. திங்கக்கெழம சேலையெல்லாம் தேச்சு வச்சேன். கட்ட முடியல. உடம்பு சரியில்ல, இன்னும் ரெண்டு வாரம் லீவு வேணும்னு ஹெட்மிஸ்ட்ரசுக்குப் போன் பண்ணிட்டு வந்து படுத்தேன்."

நான் அவர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன்.

"ஆபரேஷனுக்கு முந்தி எத்தன பேரு! டாக்டரு, சிஸ்டரு, சாமியாரு, எல்லாரும் எம்பேரச் சொல்லிக் கூப்புட்டாங்க. சாப்டீங்களா, தூங்குனீங்களான்னு கேட்டாங்க. முடிஞ்ச மறுநாளு அம்புட்டுப் பேரும் உன் ரூமுக்குப் போயிட்டாங்க. தப்பில்ல. நீதான நோயாளி. ததேயு வந்து வாசல்ல நின்னு, 'அக்கா, ஜெசிக்கு ஒண்ணுக்கு வந்துருச்சு'ன்னு அழுதான். எனக்கும் சந்தோஷந்தான். ஆனா எங்கிட்ட இருந்தும் ஒண்ணு போயிருக்குல்ல? அத ஒருத்தரும் கேக்கலியே."

மூடியின் ஓரத்தில் பட்டை வாசம் வர ஆரம்பித்திருந்தது.

"திருவிழா அன்னிக்கி எல்லாரும் உன்னையச் சுத்தி நின்னு சிரிச்சப்ப எனக்குக் கோவம் வந்துச்சு. உம்மேல. இப்படி ஒரு பொம்பள உண்டா, குடுத்துட்டுக் கோவப்படுறாளேன்னு எனக்கே வெக்கமாப் போச்சு. அதான் பைய எடுத்துட்டு வந்துட்டேன்." முந்தானை இல்லாததால் நைட்டிக் கையால் மூக்கைத் துடைத்தார். "இன்னொண்ணும் சொல்லிருறேன். நான் உனக்காகக் குடுக்கல ஜெசி. தம்பி மொகத்தப் பாத்துத்தான் குடுத்தேன். இப்ப என்னடான்னா, தம்பி நெனப்பே வர்றதில்ல. ஜெசி தண்ணி குடிச்சாளா, மாத்திரையப் போட்டாளா, அது உள்ள என்ன பண்ணுதோ, இதே நெனப்புத்தான். நான் பெத்தத எங்கேயோ அனுப்பி வச்ச மாதிரி."

இத்தனை நாளாக நான் சொல்வதற்கு வைத்திருந்த வார்த்தையெல்லாம் வாயருகில் வந்தது. அந்த நேரத்துக்கு அது ரொம்பச் சின்னதாக இருந்தது. "இன்னும் சொல்லுங்க மதினி" என்றேன்.

சொன்னார். விலாவில் வரும் சுருக்கை, பாடப் போனால் அடைக்கும் மூச்சை, இருக்கிற ஒன்றும் போய்விட்டால் யார் பார்ப்பார்கள் என்கிற பயத்தை. மூன்று மாதத்தில் வந்து பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லியிருந்தார்களாம். போகவில்லையாம்.

"ஏன் மதினி?"

"யாரு கூட வருவா?"

"நான் வர்றேன்."

"நீயே நோயாளி."

"நான் வர்றேன்."

குண்டானிலிருந்து ஒரு தீய்ந்த வாசம் எழுந்தது. "ஐயோ, அடி பிடிக்குது!" என்று மதினி துள்ளி எழுந்து மூடியைத் திறந்தார். அடியில் சாறு கருகி ஒட்டியிருந்தது. மேலே மாவு வெந்திருந்தாலும் வெளுத்துக் கிடந்தது. ஓவனில் வந்த பொன்னிறம் இல்லை. கருகாத பக்கமாகப் பார்த்து ஒரு கிண்ணத்தில் எடுத்து அவரிடம் நீட்டினேன். முதல் தட்டு மதினிக்கு. ஊதி ஊதி ஒரு வாய் சாப்பிட்டார்.

"இனிப்பே இல்ல."

"எனக்குச் சக்கர ஏறிருமே."

"எனக்கு ஏறாதுல்ல?" என்று டப்பாவை எடுத்து ஒரு கரண்டிச் சர்க்கரையை மேலே தூவிக்கொண்டார். இனிப்பு ஆகாது என்றவர். கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டுவிட்டு மறுபடி நீட்டினார்.

ததேயுவை மட்டும் மலைக்கு அனுப்பிவிட்டேன். நான் இங்கேதான் இருக்கப்போகிறேன். மதினி வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

மதினியின் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவிவிட்டேன். அவர் எனக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தார். ஒருவரை ஒருவர் வாளி தூக்கவிடவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் வந்து தண்ணீர் பிடித்து வைத்தான்.

செப்டம்பர் 1, திங்கள்

எனக்கு ரத்தப் பரிசோதனை. எண் நன்றாக இறங்கிவிட்டது. போன் வருவதற்குள் மதினி என் கையைப் பிடித்து நசுக்கிவிட்டார்.

செப்டம்பர் 4, வியாழன்

இன்று மதினி பத்து மணிவரை எழவில்லை. திரையை விலக்கினேன், மூடச் சொன்னார். மூடிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரே நாளில் சரியாகிற விஷயமில்லை. மத்தியானம் எழுந்து கொஞ்சம் ரசம் சாதம் சாப்பிட்டார். அதற்கும் நன்றி.

செப்டம்பர் 9, செவ்வாய்

ததேயு மலையிலிருந்து கார் கொண்டுவர, மதினியின் பரிசோதனைக்காக மூன்று பேரும் மதுரைக்குப் போனோம். விடிந்ததும் கிரம்பிள் செய்து எவர்சில்வர் டப்பாவில் போட்டுக்கொண்டேன். அடுப்பைத் தணித்து வைக்கக் கற்றுக்கொண்டதால் அடி பிடிக்கவில்லை. ரத்தம் எடுக்கும்வரை மதினி வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும். சர்க்கரையைத் தாராளமாகவே போட்டேன். இது எனக்கில்லையே.

புறநோயாளிப் பிரிவில் இருந்த சிஸ்டருக்கு என்னை நன்றாகத் தெரியும். பார்த்ததும் சிரித்துக்கொண்டே, "வாங்க ஜெசிந்தா, என்ன செய்யிது? உக்காருங்க" என்று நாற்காலியைக் காட்டினார். மதினி வழக்கம்போல் ஒதுங்கிச் சுவரோரமாக நின்றுகொண்டார்.

"இன்னிக்கி நான் இல்ல சிஸ்டர்" என்றேன். "பேஷண்ட் இவங்க. நான் கூட வந்த ஆளு."

சிஸ்டர் ஒரு நொடி விழித்தார். பிறகு எழுந்துவந்து மதினியின் கையைப் பிடித்து உட்காரவைத்து, "சொல்லுங்கம்மா. உடம்பு எப்படி இருக்கு? மனசு எப்படி இருக்கு?" என்றார்.

மதினி என்னைப் பார்த்தார். நான் அவர் கைப்பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். மெதுவாகத்தான் ஆரம்பித்தார். விலாவில் வரும் சுருக்கில் ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. சிஸ்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். பிறகு டாக்டரும் பொறுமையாகக் கேட்டார். சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறது, விலா வலி தையல் ஆறுகிற வலிதான் என்றார். மனசு இப்படிச் சோர்ந்து போவது கொடுத்தவர்களுக்கு வருவதுதான் என்றும், அதற்கென்று இருக்கிற டாக்டரை வாரம் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். "எல்லாருக்கும் வருமா?" என்று மதினி இரண்டு முறை கேட்டார். வெளியே வரும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

காரில் ஏறியதும், "பசிக்குது" என்றார். பின் சீட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்து மடியில் வைத்தேன். கரண்டியைத் தேடி எடுப்பதற்குள் கையாலேயே ஆரம்பித்துவிட்டார். ஜன்னல் வழியாக வெளியே பார்த்தபடி சாப்பிட்டார். சமயநல்லூர் தாண்டுவதற்குள் டப்பா காலி. எங்களுக்கு வேண்டுமா என்று கேட்கவே இல்லை.

ததேயு கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். பேசாமல் ஓட்டுங்கள் என்று கை காட்டினேன்.